ராஜபாளையம் குட்டிக்கு எந்த உலர் உணவு? புரதத்தைப் பார்ப்பதா, கால்சியத்தைப் பார்ப்பதா?

கேள்வி, 9 ஜூன் 2024

"மதுரையில் இருக்கிறோம். இரண்டு மாத ராஜபாளையம் ஆண் குட்டி வந்திருக்கிறது. எடை 5 கிலோ. கடைக்காரர் 28 சதவீதப் புரதம் உள்ள பை ஒன்றையும் கால்சியம் டானிக் ஒரு பாட்டிலையும் கொடுத்தார். புரதம் கூடக் கூட நல்லது, உயரமாக வளரும் இனம் என்பதால் டானிக் கட்டாயம் என்கிறார். என் மாமனாரோ கம்பங்கூழும் மோருமே போதும் என்கிறார். எதைக் கேட்பது, எந்த உணவை வாங்குவது?"

9 ஜூன் 2024, இரவு

டானிக் பாட்டிலைத் திறக்க வேண்டாம். எந்தப் பை, என்ன விலை என்பதை நாளை பேசிக்கொள்ளலாம். நீங்கள் எழுதியவற்றில் குட்டிக்கு நேரடியாகத் தீங்கு செய்யக்கூடியது அந்தப் பாட்டில்தான் என்பதால் அதை முதலில் சொல்கிறேன். குட்டிகளுக்கென்று தயாரிக்கப்பட்ட முழு உணவில், எலும்பு வளர்ச்சிக்கு வேண்டிய கால்சியமும் பாஸ்பரஸும் ஏற்கெனவே கணக்கிட்டுச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வளர்ந்த நாயின் குடல், உணவில் கால்சியம் மிகும்போது உறிஞ்சும் அளவைக் குறைத்துக்கொள்ளும். ஆறு மாதம் நிறையாத குட்டியின் குடலில் அந்தத் தடுப்பு இன்னும் சரிவர அமைந்திருக்காது. உள்ளே போவதில் பெரும்பகுதி உடலில் ஏறிவிடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹாஸவிங்கல் குழுவினர் கிரேட் டேன் என்ற மிகப் பெரிய இன நாயின் குட்டிகளுக்குக் கால்சியம் மிகுந்த உணவைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1985இல் வெளியான அந்த ஆய்வு, குருத்தெலும்பு எலும்பாக மாறும் வழக்கமான போக்கு குலைந்து எலும்பு வளர்ச்சியே கெடுவதைக் காட்டியது. கால் வளைந்துவிடும் என்று அஞ்சிக் கொடுக்கும் டானிக்கே கால் எலும்பைக் கெடுக்க முடியும் என்பதை நம் ஊர்க் கடைகளில் யாரும் சொல்வதில்லை.

குட்டிக்குக் கால்சியம் உண்மையிலேயே குறைவு என்று உங்கள் கால்நடை மருத்துவர் பரிசோதித்துச் சொன்னால் அது வேறு விஷயம். அப்போதும் டானிக்கின் அளவை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

10 ஜூன் 2024

இப்போது பையைப் பார்ப்போம். முன்புறத்தில் குட்டியின் படம் இருப்பது எதற்கும் சான்று ஆகாது. பின்புறத்தில் சிறிய எழுத்தில், இந்த உணவு வளர்ச்சிப் பருவத்துக்கான முழுமையான, சமச்சீரான உணவு என்றோ, எல்லா வாழ்க்கைப் பருவங்களுக்கும் உரியது என்றோ ஒரு வரி இருக்க வேண்டும். 'வளர்ந்த நாயின் பராமரிப்புக்கு' என்று மட்டும் இருந்தால், அது எவ்வளவு விலை உயர்ந்த பையானாலும் இரண்டு மாதக் குட்டிக்கு உதவாது.

அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் வரையறையைத்தான் (ஆஃப்கோ என்று பைகளில் போட்டிருப்பார்கள்) இங்கே விற்கும் பல நிறுவனங்களும் அளவுகோலாகக் கொள்கின்றன. நீர் நீக்கிய எடையில் கணக்கிட்டால், வளரும் குட்டிக்குக் குறைந்தது 22.5 சதவீதப் புரதமும் 8.5 சதவீதக் கொழுப்பும் வேண்டும். வளர்ந்த நாய்க்கு 18 சதவீதமும் 5.5 சதவீதமும் போதும். கால்சியம் குட்டிக்கு 1.2 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மேல்வரம்பு பொதுவாக 2.5 சதவீதம். வளர்ந்தபின் 32 கிலோவைத் தொடும் பேரினக் குட்டிகளுக்கு மட்டும் அதை 1.8 சதவீதமாக இறக்கியிருக்கிறார்கள். கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் இடையிலான விகிதம் 1:1 முதல் 2:1 வரை இருக்க வேண்டும்.

பையில் அச்சிடும் சதவீதம் நீரையும் சேர்த்த எடைக்கு உரியது. நீர் 10 சதவீதம் என்றால், அச்சிட்ட எண்ணை 0.9ஆல் வகுத்த பிறகே மேலே சொன்ன எண்களோடு ஒப்பிட வேண்டும். உங்கள் பையில் உள்ள 28 சதவீதம் அப்படிப் பார்த்தால் 31 சதவீதம். 24 சதவீதம் என்று போட்ட பையும் 26.7 சதவீதமாகி, தேவையைத் தாராளமாகத் தாண்டிவிடுகிறது. ஆகவே புரத எண்ணை வைத்து ஒரு பையை இன்னொன்றுக்கு மேலாக நிறுத்தும் கடைக்காரரின் வாதம் நிற்கவில்லை. தேவைக்கு மேல் போகும் புரதத்தை உடல் எரிபொருளாக்கிச் செலவழிக்கும், அல்லது கொழுப்பாக்கிச் சேர்த்துக்கொள்ளும்.

இதற்கு எதிர்த்திசையில், புரதம் மிகுந்தால் பெரிய இனக் குட்டிகளின் எலும்பு கெடும் என்ற அச்சமும் பரவலாக இருக்கிறது. அதே உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 1991இல் கிரேட் டேன் குட்டிகளுக்கு வெவ்வேறு புரத அளவுகளைக் கொடுத்துப் பார்த்தபோது, எலும்பு நோய்க்கும் புரதத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. எனவே 28 சதவீதம் என்பதற்காக அந்தப் பையைத் திருப்பிக் கொடுக்கவும் தேவையில்லை. அதில் கால்சியம் எவ்வளவு, கிலோவுக்கு எத்தனை கிலோகலோரி என்ற இரண்டையும் பார்த்து எழுதுங்கள்.

10 ஜூன் 2024, மாலை

கால்சியம் அச்சிடப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் இது சாதாரணம். பல பைகளில் புரதம், கொழுப்பு, நார், ஈரம் ஆகிய நான்கோடு நிறுத்திவிடுகிறார்கள். பையில் உள்ள வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, கால்சியம், பாஸ்பரஸ், கிலோகலோரி மூன்றையும் கேளுங்கள். உணவை வடிவமைத்தவர் விலங்கு ஊட்டவியல் படித்தவரா என்பதையும் கேளுங்கள். உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கம் நாய் வளர்ப்போரைக் கேட்கச் சொல்லும் கேள்விகளில் இதுவும் உண்டு. நான் பைகளை வடிகட்டுவது இந்த ஒரு வழியில்தான். எண்ணைச் சொல்லும் நிறுவனத்தின் உணவை வாங்குகிறேன். 'உயர்தரக் கோழி, இயற்கை மூலிகை' என்று விளம்பர வாசகத்தையே திருப்பிப் படிக்கும் நிறுவனத்தின் உணவை, விலை எதுவானாலும், குட்டிக்கு வாங்குவதில்லை.

கலோரி மட்டும் கிடைக்காவிட்டால் நீங்களே கணித்துக்கொள்ளலாம். 100 கிராமில் புரதம் 24, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 10, சாம்பல் 8 என்று வைத்துக்கொள்வோம். நூறிலிருந்து இவற்றைக் கழித்தால் மீதி 43 கிராம் மாவுச்சத்து. புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 3.5, கொழுப்புக்கு 8.5 என்று பெருக்கிக் கூட்டினால் ஏறத்தாழ 320 கிலோகலோரி வரும், கிலோவுக்கு 3,200.

12 ஜூன் 2024

மாமனாரின் கம்பங்கூழுக்கு மரியாதையோடு ஒரு பதில் சொல்ல வேண்டும். தென் மாவட்டங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் கூழ் குடித்து வளர்ந்தவைதான். ஆனால் அந்த நாய்கள் கூழோடு நிற்கவில்லை. வயலில் எலி பிடித்தன, ஆட்டெலும்பைக் கடித்தன, எது கிடைத்தாலும் தின்றன. இன்றைய வீட்டில் நான்கு சுவருக்குள் வளரும் குட்டிக்கு நீங்கள் தட்டில் வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

தானியங்களில் கால்சியம் மிகுந்தது கேழ்வரகு: 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம், சுமார் 320 கிலோகலோரி. அதாவது 1,000 கிலோகலோரி கேழ்வரகில் 1.1 கிராம் கால்சியம் இருக்கும். குட்டிக்கு அதே 1,000 கிலோகலோரியில் குறைந்தது 3 கிராம் வேண்டும். கேழ்வரகே மூன்றில் ஒரு பங்கைத்தான் எட்டுகிறது. அதிலும் தானியத்தில் உள்ள ஃபைடேட் என்ற பொருள் ஒரு பகுதியை உடலில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பில் கால்சியம் இன்னும் மிகக் குறைவு. மோர் ஓரளவு சேர்க்கும், ஆனால் குட்டியின் வயிறு கொள்ளும் மோரில் அந்தப் பள்ளம் நிரம்பாது.

கோழிக்கறியும் சோறும் என்றால் நிலைமை இன்னும் மோசம். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போல ஏறத்தாழ 15 முதல் 20 மடங்கு இருக்கிறது. அதை மட்டுமே தின்று வளரும் குட்டியின் உடல், ரத்தத்தில் கால்சியத்தை நிலைநிறுத்துவதற்காகத் தன் எலும்பிலிருந்தே அதை எடுக்கத் தொடங்கும். 'நன்றாகக் கறி போட்டுத்தான் வளர்த்தோம், சோபாவிலிருந்து குதித்ததும் கால் ஒடிந்துவிட்டது' என்று மருத்துவமனை வராந்தாவில் கண்கலங்கி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்பில் குறை வைத்தவர்கள் அல்லர் அவர்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கை முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை.

கூழை அறவே விலக்க வேண்டாம். ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குவரை வீட்டு உணவு சேர்த்தால் முழு உணவின் சமநிலை குலையாது. உங்கள் குட்டியின் இன்றைய தேவையில் பத்தில் ஒரு பங்கு என்பது ஒரு வேகவைத்த முட்டை. முட்டை கொடுக்கும் நாளில் கூழ் வேண்டாம். கூழ் கொடுக்கும் நாளில் முட்டை வேண்டாம். மாமனார் கையால் ஒரு சிறு கிண்ணம் கூழ் குடிப்பதால் குட்டிக்கு ஒன்றும் ஆகாது. அவருக்கும் குட்டிக்கும் உறவு வளரும்.

13 ஜூன் 2024

எவ்வளவு கொடுப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எடையை மூன்று முறை போட்டுப் பெருக்கி (5 × 5 × 5 என்பதுபோல), வர்க்கமூல விசையை இரண்டு முறை அழுத்தி, வரும் எண்ணை 70ஆல் பெருக்குங்கள். அது ஓய்வு நிலையில் தேவைப்படும் கிலோகலோரி. 5 கிலோ குட்டிக்கு 125, வர்க்கமூலம் 11.18, மறுபடியும் 3.34, எழுபதால் பெருக்கினால் 234. நான்கு மாதம் வரை இதன் மூன்று மடங்கும், அதன்பின் படிப்படியாக இறங்கி இரண்டு மடங்கும் தொடக்கக் கணக்கு. ஆக இப்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 கிலோகலோரி. கிலோவுக்கு 3,500 உள்ள உணவானால் 200 கிராம். நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 50 கிராம்.

சமையலறைத் தராசில் நிறுத்துக் கொடுங்கள். கோப்பையால் அளந்தால் ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வொரு அளவு வரும். வீட்டில் நான்கு பேர் அன்போடு அளந்தால் குட்டி இரண்டு நாள் உணவை ஒரே நாளில் தின்றுவிடும். பால்பற்களுக்குக் கடினமாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள், பாலில் வேண்டாம். ஊறிய மிச்சத்தை இந்த வெயிலில் தட்டிலேயே விட்டுவைக்கக் கூடாது.

16 ஜூன் 2024

நிறுவனம் பதில் சொல்லிவிட்டது என்பது நல்ல செய்தி: கால்சியம் 1.5 சதவீதம், கிலோவுக்கு 3,500 கிலோகலோரி. இப்போது டானிக் பேச்சை எண்ணில் முடித்துவிடலாம். 3,500 கிலோகலோரியில் 15 கிராம் என்றால் 1,000 கிலோகலோரிக்கு 4.3 கிராம். பேரினக் குட்டிகளுக்கு ஆஃப்கோ வகுத்த மேல்வரம்பு 4.5 கிராம். உங்கள் குட்டி ஒரு நாளில் தின்னும் 200 கிராமில் 3 கிராம் கால்சியம் கிடைக்கிறது. அந்த மேல்வரம்பின்படி அதற்குக் கொடுக்கத்தக்கது 3.15 கிராம். இடையில் மிஞ்சுவது 150 மில்லிகிராம். டானிக் பாட்டிலின் ஒட்டுத்தாளில் ஒரு வேளை அளவில் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது என்பதை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

17 ஜூன் 2024

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், ராஜபாளையம் 32 கிலோவைத் தொடுவது அரிது, பேரின வரம்பு அதற்குப் பொருந்தாதே என்று கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. பெரும்பாலான ராஜபாளையங்கள் 22 முதல் 30 கிலோவுக்குள் நின்றுவிடும். எழுத்துப்படி பார்த்தால் அவற்றுக்குப் பொருந்துவது 1,000 கிலோகலோரிக்கு 6.25 கிராம் என்ற பொது வரம்புதான். நிறுவனங்களும் ஒரே கோட்டில் பிரிப்பதில்லை. ராயல் கேனின் தன் பெரிய இன வரிசையை 26 கிலோவிலேயே தொடங்குகிறது.

ஆனாலும் நீண்ட கால் எலும்பை விரைவாக வளர்க்கும் இனத்துக்கு இறுக்கமான வரம்பையே கொள்வது என் தீர்மானம். 3 கிராமுக்கும் 4.5 கிராமுக்கும் இடையில் குட்டிக்கு எந்தக் குறையும் வராது. அதற்கு மேலே போவதால் ஆதாயமும் இல்லை. பெண் குட்டியானால் நடுத்தர இன உணவும் போதும். பெற்றோர் இரண்டும் பெருத்த உடல் கொண்ட ஆண் குட்டியானால் பெரிய இன உணவு பொருத்தம்; அதில் கலோரி அடர்த்தியும் சற்றுக் குறைவாக இருப்பது வழக்கம்.

23 ஜூன் 2024

மூட்டையைப் பிரித்துக் கிலோக் கணக்கில் விற்கும் உணவை வாங்கலாமா என்று திருநெல்வேலியிலிருந்து கேட்கிறார்கள். குட்டிக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான பதில். உலர் உணவு உருண்டைகளை அதிக வெப்பத்தில் பிதுக்கிச் சமைத்து, உலர்த்திய பிறகுதான் அவற்றின் மேல் கொழுப்பைத் தெளிக்கிறார்கள். அந்தக் கொழுப்பு காற்றும் வெப்பமும் பட்டால் சிக்குப் பிடிக்கும். மணம் கெடும், சில வைட்டமின்களும் அதோடு அழியும். திறந்த மூட்டையில் தயாரிப்புத் தேதியும் தெரியாது, எந்த நிறுவனத்தின் எந்தத் தொகுதி என்பதும் தெரியாது.

இன்னும் கவலைக்குரியது பூஞ்சை. மக்காச்சோளத்தில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது சமையல் வெப்பத்துக்கு எளிதில் அழியாது, கல்லீரலைத் தாக்கும். 2020 டிசம்பர் இறுதியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவித்த ஒரு திரும்பப்பெறுதலில், இந்த நஞ்சு மிகுந்த உலர் உணவைத் தின்ற நாய்கள் பல டஜன் கணக்கில் இறந்திருந்தன. அங்கே தொகுதி எண்ணை வைத்துப் பைகளை அடையாளம் கண்டு வீடுகளை எச்சரிக்க முடிந்தது. தாளில் கட்டிய ஒரு கிலோவுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

வீட்டில் பையோடு சேர்த்து மூடியுள்ள டின்னில் வையுங்கள். பையைத் தூக்கி எறிந்துவிட்டு உருண்டைகளை மட்டும் கொட்டி வைத்தால் தேதியும் தொகுதி எண்ணும் போய்விடும். திறந்த பை ஒரு மாதத்துக்குள் தீரும்படி அளவு பார்த்து வாங்குங்கள். 20 கிலோ மூட்டையில் மிச்சப்படும் பணம், ஒற்றைக் குட்டி உள்ள வீட்டில் கடைசிப் பத்து கிலோவின் தரத்தில் போய்விடும்.

8 ஜூலை 2024

'பழைய உணவிலிருந்து புதியதற்கு மாற்றினேன், வயிற்றுப்போக்கு, உணவு ஒத்துக்கொள்ளவில்லை போலும்' என்று எழுதிய சேலத்துக்காரருக்கு: குட்டி சோர்ந்து கிடக்கிறதா, வாந்தி எடுக்கிறதா, மலத்தில் ரத்தம் இருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டிக்கு பார்வோ வைரஸ் நம் ஊரில் சாதாரணமாக வருகிறது. உணவு மாற்றம் என்று எண்ணி ஒரு நாள் காத்திருப்பதே உயிரைப் பறித்துவிடும்.

குட்டி துள்ளி விளையாடிக்கொண்டே மலம் மட்டும் இளகியிருந்தால், முதலில் அளவைக் குறைத்துப் பாருங்கள். அளவு மீறியும் குட்டிக்கு மலம் இளகும். குடற்புழு மருந்து கொடுத்த தேதியையும் பாருங்கள். மாற்றம் ஏழு முதல் பத்து நாள் எடுக்க வேண்டும்: காற்பங்கு புதியது, அரைப்பங்கு, முக்காற்பங்கு என்று.

8 ஜூலை 2024, இரவு

மருத்துவமனையில் சேர்த்துவிட்டதாகச் செய்தி. சரியான நேரத்தில் போயிருக்கிறீர்கள். நிலைமையை எழுதிக்கொண்டிருங்கள்.

13 ஜூலை 2024

குட்டி எழுந்து தின்னத் தொடங்கிவிட்டதை அறிந்து மனம் நிறைந்தது. மருத்துவர் சொன்ன உணவையே அவர் சொன்ன நாள்வரை கொடுங்கள். இழந்த எடையை ஒரே வாரத்தில் மீட்க முயல வேண்டாம்.

11 ஆகஸ்ட் 2024

மதுரைக் குட்டிக்கு நான்கு மாதம், 11 கிலோ. ஓய்வுத் தேவை 423 கிலோகலோரி; மூன்று மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்கு இறங்கும் நேரம் இது. நடுவே இரண்டரை மடங்கு, அதாவது 1,060 கிலோகலோரி, உங்கள் உணவில் 300 கிராம். பையின் பின்னால் உள்ள அட்டவணை இதைவிட அதிகம் சொல்கிறது என்கிறீர்கள். அட்டவணை, கணக்கு இரண்டுமே தொடக்கப் புள்ளிகள்தான். முடிவைச் சொல்வது குட்டியின் விலா எலும்பு.

'ஒல்லியாக இருக்கிறதே, சோறே போடுவதில்லையா என்று தெருவே கேட்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குட்டி வளர்ப்பில் நம் மனத்துக்கு எதிராக நாமே நிற்க வேண்டிய இடம் இது. குழந்தையோ குட்டியோ, கொழுகொழுவென்று இருந்தால்தான் நன்றாக வளர்க்கிறோம் என்று நாம் நம்புகிறோம். 1974இல் ஹெடம்மர் குழுவினர் கிரேட் டேன் குட்டிகளில் செய்த ஆய்விலேயே, வேண்டிய மட்டும் தின்னவிட்ட குட்டிகளுக்கு எலும்புக் கோளாறுகள் மிகுந்திருந்தன. பின்னர் 48 லாப்ரடார்களைக் குட்டிப் பருவத்திலேயே இணை இணையாகப் பிரித்து, ஒன்று தின்னும் அளவில் மற்றதற்குக் கால் பங்கு குறைத்துக் கொடுத்து, ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். குறைவாகத் தின்றவற்றில் இடுப்பு மூட்டுக் கோளாறு வெகுவாகக் குறைந்தது. 2002இல் வெளியான முடிவின்படி அவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2 ஆண்டு. இரு தரப்பும் தின்றது ஒரே உணவு. வேறுபட்டது அளவு மட்டுமே. சரியான பையைத் தேர்ந்தெடுக்க நாம் செலவிடும் கவலையில் பாதியைத் தராசின்மேல் வைத்தால் குட்டிக்கு அதிக நன்மை கிடைக்கும் என்று நான் நம்புவது இந்த ஆய்வினால்தான்.

என் லாப்ரடார் தட்டை நக்கி முடித்து முகத்தைப் பார்க்கும்போது மறுப்பது எளிதன்று. அது எவ்வளவு வைத்தாலும் தின்னும் இனம். அதற்கு முன் வளர்ந்த சிப்பிப்பாறையோ, பசி தீர்ந்ததும் தட்டிலிருந்து விலகிவிடும். இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. லாப்ரடாரின் விலா கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியத் தேவையில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்களுக்குக் கடைசி ஓரிரு விலா எலும்புகள் மெலிதாகத் தெரிவதே இயல்பான உடல்வாகு. முதுகெலும்பு முட்டிக்கொண்டு தெரிந்தாலோ, தொடைச் சதை குழிந்திருந்தாலோதான் அளவைக் கூட்ட வேண்டும். தெருவில் கேட்பவர்களிடம் குட்டி ஓடும் ஓட்டத்தைக் காட்டுங்கள்.

இனி மூன்று வேளை போதும். ஆறு மாதம் நிறைந்தபின் இரண்டு வேளை.

2 செப்டம்பர் 2024

விலை பற்றிக் கோவையிலிருந்து: ஒரு பை கிலோ 300 ரூபாய், இன்னொன்று 420 ரூபாய், மலிவானதே போதுமா? கிலோவுக்கு ஒப்பிடாமல் கலோரிக்கு ஒப்பிடுங்கள். முதலாவது 3,200 கிலோகலோரி, இரண்டாவது 4,000 என்று வைத்துக்கொண்டால், 1,000 கிலோகலோரிக்கு 94 ரூபாயும் 105 ரூபாயும் ஆகின்றன. நாற்பது சதவீதமாகத் தெரிந்த வேறுபாடு பன்னிரண்டாகச் சுருங்கிவிட்டது. இரண்டுமே வளர்ச்சிக்கான முழு உணவாக இருந்து, கால்சியம் எண்ணும் தெரிந்தால், மலிவானதை வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. கையில் உள்ள பணத்தில் தடுப்பூசிக்கும் குடற்புழு மருந்துக்கும் முதலில் ஒதுக்குங்கள்.

2 செப்டம்பர் 2024, இரவு

தானியமில்லாத உணவு பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக: 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பட்டாணியும் பருப்பு வகைகளும் மிகுந்த, பெரும்பாலும் தானியமில்லாத உணவுகளைத் தின்ற நாய்களில் இதயத் தசை நோய் வந்ததாக வந்த புகார்களை ஆராய்வதாக அறிவித்தது. காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை. ஆனால் அரிசியையும் சோளத்தையும் நாய் நன்றாகவே செரிக்கிறது என்பதால், அதிக விலை கொடுத்துத் தானியத்தைத் தவிர்க்கக் குட்டிக்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

பொருட்களின் பட்டியலில் 'புதிய கோழி' முதலில் வருகிறது என்பதிலும் மயங்க வேண்டாம். பட்டியல் சமைக்கும் முன் இருந்த எடையின் வரிசை. புதிய கறியில் பெரும்பகுதி நீர். உலர்ந்த கோழித் தூள் இரண்டாவது இடத்தில் இருந்தாலும் புரதத்தை அதிகம் தருவது அதுவாக இருக்கலாம்.

17 நவம்பர் 2024

காலை வெயிலில் கட்டிவைத்தால் எலும்புக்கு வைட்டமின் டி கிடைக்கும் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். மனிதருக்குச் சரி. நாயின் தோல் வெயிலிலிருந்து தேவையான வைட்டமின் டியை உண்டாக்குவதில்லை; உணவிலிருந்தே பெற வேண்டும். அதனால்தான் வீட்டுச் சோற்றை மட்டும் தின்னும் குட்டிக்குக் கால்சியத்தோடு இதுவும் குறைகிறது. மறுபுறம், முழு உணவு தின்னும் குட்டிக்கு வைட்டமின் டி சொட்டு மருந்தைத் தனியாகக் கொடுக்கக் கூடாது. 2019 ஜனவரியில் ஒரு பெரிய நிறுவனம் தன் டின் உணவுகளைத் திரும்பப் பெற்றது வைட்டமின் டி மிகுந்துவிட்டதால்தான். குட்டியை வெயிலில் விடுவது ஓடி விளையாடுவதற்காக இருக்கட்டும்.

கால் சற்றுத் தொய்ந்து நிற்பதாகத் தெரிந்தால், தரையையும் பாருங்கள். வழுவழுப்பான டைல்ஸில் வளரும் குட்டிக்கு முன்கால் மணிக்கட்டு தொய்வது உண்டு; பல குட்டிகளில் பிடிமானமுள்ள தரையும் சமச்சீர் உணவும் சேர்ந்தால் தானாகவே நேராகிறது. நேராகாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

9 பிப்ரவரி 2025

மதுரைக் குட்டிக்குப் பத்து மாதம், 22 கிலோ, வளர்ச்சி மந்தமாகிவிட்டது என்ற செய்திக்கு: எதிர்பார்த்ததுதான். இந்த வயதில் உயரம் ஏறத்தாழ முடிந்து சதை பிடிக்கும் காலம் தொடங்கும். அளவைக் கூட்டாதீர்கள்; தட்டில் மிச்சம் வைக்கத் தொடங்கினால் அது மிச்சம் வைத்த அளவையே குறைத்துவிடுங்கள். மிச்சம் வைக்கிறதே என்று மேலே குழம்பு ஊற்றிப் பழக்க வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

4 மே 2025

வளர்ந்த நாய்க்கான உணவுக்கு எப்போது மாறுவது என்ற கடைசிக் கேள்வி. நடுத்தர இனங்களுக்குப் பன்னிரண்டு மாதம், பெரிய இனங்களுக்குப் பதினைந்து மாதம் என்பது பைகளில் காணும் வழக்கம். உங்கள் நாய்க்கு இப்போது பதின்மூன்று மாதம்; எடை 25 கிலோவில் ஏறாமல் நிற்கிறது என்கிறீர்கள். எடை நிலைத்துவிட்டதால் இருக்கும் பையைத் தீர்த்துவிட்டுப் பத்து நாளில் படிப்படியாக மாற்றிக்கொள்ளுங்கள். கருத்தடை செய்யும் எண்ணம் இருந்தால், அறுவைக்குப் பின் கலோரித் தேவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆகவே புதிய உணவின் அளவை அந்தக் கணக்கில் நிறுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள்.